எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம்: மொஹாவி பாலைவனத்துச் சோதனைக் களம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானவியல் வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள் எந்த வழியில் சென்றாலும் விரைவிலேயே எட்வர்ட்ஸ் என்ற பெயரை வந்தடைவார்கள். அமெரிக்காவின் முதல் ஜெட் விமானமும், ஒலியை முந்திய முதல் மனிதரும், முதல் விண்ணோடத்தின் தரையிறக்கமும் இந்த ஒரே தளத்தைச் சேர்ந்த செய்திகள். தமிழில் இத்தளம் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும் துண்டுச் செய்திகளாகவே இருப்பதால், வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே சற்று விரிவாகவே விடை எழுதப்பட்டுள்ளது.

எட்வர்ட்ஸ் தளம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 100 கி.மீ. வடக்கே, மொஹாவி பாலைவனத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஆன்டலோப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 1,200 சதுர கி.மீ. பரப்பில், கெர்ன், லாஸ் ஏஞ்சலஸ், சான் பெர்னார்டினோ என்ற மூன்று மாவட்டங்களில் அது பரவியிருக்கிறது. லங்காஸ்டர், ரோஸமண்ட், மொஹாவி, போரான் ஆகியவை சுற்றியுள்ள ஊர்கள். தெற்கே உள்ள பாம்டேல் நகரில் விமானங்களைக் கட்டி முடிக்கும் அரசுத் தொழிற்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே உருவாகும் புதிய விமானம் தன் முதல் பயணத்தில் பாம்டேலில் மேலெழும்பி எட்வர்ட்ஸில் இறங்குவது பல்லாண்டு வழக்கம். 1989-இல் பி-2 குண்டுவீச்சு விமானமும், 1990-இல் ஒய்எஃப்-22-உம், 2000-இல் எக்ஸ்-35-உம் அப்படித்தான் வந்தன.

சோதனைக்கு ஏன் இந்தப் பாலைவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்?

வெயில், வெட்டவெளி, ஆள் நடமாட்டமின்மை என்று பலரும் சொல்லும் காரணங்கள் உண்மைதான். ஆண்டின் பெரும்பாலான நாள்களில் வானம் தெளிந்திருக்கும். மழை மிகக் குறைவு. ஆனால் அமெரிக்க மேற்குப் பகுதியில் இத்தகைய வெட்டவெளிகள் எத்தனையோ உண்டு. எட்வர்ட்ஸை மற்ற இடங்களிலிருந்து வேறுபடுத்துவது ரோஜர்ஸ் உலர் ஏரி. சுமார் 114 சதுர கி.மீ. பரப்புள்ள இந்த ஏரிப்படுகை, கோடையில் வற்றிய கண்மாயின் அடிமண்ணைப் போல மெல்லிய வெடிப்புகள் ஓடிய களிமண் தரை. ஆயினும் கனத்த விமானங்களையே தாங்கும் அளவுக்கு இறுகியது. பனியுகக் காலத்தில் இங்கிருந்த தாம்சன் ஏரி என்ற பெரிய நீர்நிலை வற்றிய பின் எஞ்சியவைதான் ரோஜர்ஸும் அதன் மேற்கே உள்ள ரோஸமண்ட் உலர் ஏரியும்.

இந்தத் தரையின் அருமை, எதிர்பாராதது நேரும்போதுதான் விளங்கும். சாதாரண விமான நிலையத்தில் இயந்திரம் நின்றுபோன விமானி ஒரே ஒரு ஓடுபாதையைக் குறிவைத்து, ஒரே ஒரு முறை, சரியான உயரத்திலும் வேகத்திலும் வந்து சேர வேண்டும். இங்கே எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இறங்குவதற்கு இடமிருக்கிறது. ஏரிப்படுகையின் மேல் எண்ணெய் கலந்த கருங்கோடுகளால் பல ஓடுபாதைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் மிக நீளமானது ஏறத்தாழ 12 கி.மீ. நீண்டிருக்கிறது. முதன்மைக் காங்கிரீட் ஓடுபாதை சுமார் 4.6 கி.மீ. நீளம், அதன் முடிவைத் தாண்டினாலும் விமானம் ஏரிப்படுகையில்தான் ஓடும். திசையை மேலிருந்து அறிந்துகொள்வதற்காகப் படுகையின் மீது வரையப்பட்டுள்ள திசைகாட்டி வட்டம் ஏறத்தாழ 1,200 மீட்டர் விட்டமுடையது. புதிய விமானத்தில் எது பழுதாகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே பழுதானபின் இறங்குவதற்கு இடம் இருக்கிறதா என்பதே சோதனைத் தளத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மழை பெய்தால் அந்த ஏரி என்ன ஆகும்?

குளிர்கால மழையில் ஏரி சில அங்குல ஆழத்திற்கு நிரம்பும். அப்போது அதில் விமானம் இறக்க முடியாது. ஆனால் அந்த நீரால் விளையும் நன்மை ஒன்று உண்டு: பாலைக்காற்று அந்த ஆழமற்ற நீரை இக்கரைக்கும் அக்கரைக்குமாகத் தள்ளிக்கொண்டே இருக்க, நீரில் கலங்கிய வண்டல் பள்ளங்களையும் வெடிப்புகளையும் நிரப்பிப் படிந்துவிடும். நீர் வற்றியதும் முந்தைய ஆண்டின் சக்கரத் தடங்கள் பெரும்பாலும் மறைந்து, தரை மறுபடி மட்டமாகிவிடும். உலகிலேயே தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஓடுபாதை வேறு இருக்குமா என்று தெரியவில்லை. நீர் நிற்கும் அந்தக் குறுகிய காலத்தில், மண்ணுக்குள் உலர்ந்து கிடந்த முட்டைகளிலிருந்து ஒருவகைச் சிறு இறால்கள் பொரித்து, அவற்றைத் தின்னப் பறவைகளும் வந்துசேரும்.

இந்த மழை விண்வெளித் திட்டத்தையே ஒரு முறை திருப்பிவிட்டிருக்கிறது. 1982 மார்ச்சில் மூன்றாவது விண்ணோடப் பயணம் முடியும் தறுவாயில் ஏரிப்படுகை ஈரமாக இருந்ததால், கொலம்பியா விண்ணோடம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஒயிட் சாண்ட்ஸில் இறங்க வேண்டியதாயிற்று. விண்ணோட வரலாற்றில் அங்கே நடந்த ஒரே தரையிறக்கம் அதுதான்.

தளத்திற்கு எட்வர்ட்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது?

1910 வாக்கில் இங்கே குடியேறிய கோரம் குடும்பத்தினர் தம் ஊருக்குத் தம் பெயரையே வைக்க விரும்பினர். அதைப் போன்ற பெயரில் கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே ஓர் அஞ்சல் நிலையம் இருந்ததால், ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கி 'மியூராக்' என்று வைத்தார்கள். தளமும் பல ஆண்டுகள் அந்தப் பெயரிலேயே இயங்கியது.

1948 ஜூன் 5 அன்று, வால் இல்லாமல் முழுவதும் சிறகாகவே அமைந்த ஒய்பி-49 என்ற ஜெட் குண்டுவீச்சு விமானம், சோதனையின்போது சிறகின் வெளிப்பகுதிகள் கழன்று நொறுங்கி விழுந்தது. அதிலிருந்த ஐவரும் இறந்தனர். அவர்களுள் ஒருவரான கேப்டன் கிளென் எட்வர்ட்ஸுக்கு அப்போது வயது 30. 1949 டிசம்பரில் தளத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே விமானத்தில் இறந்த மேஜர் டேனியல் ஃபோர்ப்ஸின் பெயர் கான்ஸஸ் மாநிலத்தில் ஒரு தளத்திற்கு வைக்கப்பட்டது. வால் இல்லாத அந்தச் சிறகு வடிவம் 41 ஆண்டுகள் கழித்து, கணினிக் கட்டுப்பாட்டின் துணையோடு, பி-2 விமானமாக இதே தளத்தில் வந்து இறங்கியது.

இராணுவம் இங்கே எப்போது வந்தது?

1933-இல். அருகிலிருந்த மார்ச் ஃபீல்டு தளத்தின் தலைவராக இருந்த ஹென்றி ஆர்னால்டு, தம் விமானிகளுக்குக் குண்டுவீச்சுப் பயிற்சி இடம் தேடியபோது இந்த ஏரிப்படுகை கண்ணில் பட்டது. பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைகள் முழுவதற்கும் தலைமை தாங்கியவர் அவர். போர்க்காலத்தில் இங்கே ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்றின் வடிவத்தை ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்திற்கு மரத்தால் கட்டி, பாலைவனத்தின் நடுவே நிறுத்திக் குண்டுவீச்சு பழகினார்கள். 'மியூராக் மாரு' என்று அதைக் கேலியாக அழைத்தனர்.

சோதனைப் பணி தொடங்கியது 1942-இல். ஏரியின் வடகரையில் தனியே ஒதுக்கப்பட்ட ஓரிடத்திலிருந்து, அமெரிக்காவின் முதல் ஜெட் விமானமான எக்ஸ்பி-59ஏ அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று அதிகாரபூர்வமாகப் பறந்தது. ஜெட் இயந்திரம் என்பதே அப்போது பரம இரகசியம். ஆகவே அந்த விமானத்தைத் தரையில் இழுத்துச் செல்லும்போது, பார்ப்பவர் சந்தேகப்படாமலிருக்க அதன் மூக்கில் ஒரு போலிச் சுழலியை மாட்டி வைத்தார்கள்.

1947 அக்டோபர் 14 அன்று உண்மையில் என்ன நடந்தது?

அன்று காலை கேப்டன் சக் யேகர் எக்ஸ்-1 என்ற ராக்கெட் விமானத்தில் ஒலியின் வேகத்தைக் கடந்தார். பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் தொங்கியபடி மேலே சென்ற எக்ஸ்-1, ஏறத்தாழ 6 கி.மீ. உயரத்தில் கழற்றி விடப்பட்டு, தன் ராக்கெட்டின் நான்கு அறைகளையும் எரியவிட்டு 13 கி.மீ. உயரம் வரை ஏறியது. எட்டிய வேகம் மாக் 1.06, அதாவது அந்த உயரத்தில் ஒலி செல்லும் வேகத்தைப்போல் 1.06 மடங்கு, மணிக்குச் சுமார் 1,127 கி.மீ. எரிபொருள் தீர்ந்தபின் ராக்கெட் விமானம் கனமான கிளைடர்தான். யேகர் சறுக்கி வந்து ஏரிப்படுகையில் இறங்கினார்.

இந்த நிகழ்வைச் சொல்லும் எல்லோரும் துடைப்பக் குச்சியைச் சொல்லாமல் விடமாட்டார்கள். இரண்டு நாள்களுக்கு முன் யேகர் குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்புகளை முறித்துக்கொண்டார். தெரிந்தால் பறக்க விடமாட்டார்கள் என்று தளத்து மருத்துவரிடம் போகாமல் ரோஸமண்ட் ஊர் மருத்துவரிடம் கட்டுப்போட்டுக்கொண்டார். எக்ஸ்-1-இன் கதவை உள்ளிருந்து பூட்ட வலக்கைப் பக்கம் பலமாக அழுத்த வேண்டும்; அது அவரால் முடியாது. பொறியாளரும் விமானியுமான ஜாக் ரிட்லி ஒரு துடைப்பக் குச்சியை ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டிக் கொடுத்தார். அதை நெம்புகோலாக வைத்து இடக்கையால் யேகர் கதவைப் பூட்டினார்.

சுவையான கதைதான். ஆயினும் ரிட்லி அந்தத் திட்டத்திற்குச் செய்த பேருதவி குச்சி வெட்டியது அன்று. முந்தைய பறப்புகளில் மாக் 0.94 அருகே விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு செயலற்றுப்போனது. ஒலிவேகத்தை நெருங்கும்போது காற்று நெருக்குண்டு உண்டாகும் அதிர்வலை சரியாக அந்த மடிப்பின் கீல் மீதே வந்து அமர்ந்ததுதான் காரணம். வாலின் கிடைத்தகட்டை முழுவதுமாகச் சிறிது சிறிதாகச் சாய்க்கும் வசதி எக்ஸ்-1-இல் முன்பே இருந்தது. மடிப்பை விட்டுவிட்டு அதையே பயன்படுத்தலாம் என்று கணக்கிட்டுச் சொன்னவர் ரிட்லி. ஒலித்தடை என்று அஞ்சப்பட்ட தடையைத் திறந்த சாவி அந்த முழுமையாக நகரும் வால்தான். கொரியப் போரில் எஃப்-86 விமானங்களுக்கு அது கைகொடுத்தது. இன்றைய அதிவேகப் போர் விமானங்களிலும் அது வழக்கமாகிவிட்டது. இந்தச் சாதனையை விமானப்படை 1948 ஜூன் வரை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளவில்லை.

எக்ஸ்-15 என்பது என்ன?

விமானத்திற்கும் விண்கலத்திற்கும் இடைப்பட்டது என்று சொல்லலாம். 1959 முதல் 1968 வரை மூன்று விமானங்கள், 12 விமானிகள், 199 பறப்புகள். பி-52 குண்டுவீச்சு விமானத்தின் சிறகின்கீழ் தொங்கிச் சென்று சுமார் 13.7 கி.மீ. உயரத்தில் விடுபட்டு ராக்கெட்டை இயக்கும். 1963 ஆகஸ்ட் 22 அன்று ஜோ வாக்கர் அதில் ஏறத்தாழ 108 கி.மீ. உயரத்தை எட்டினார். 1967 அக்டோபர் 3 அன்று பீட் நைட் மாக் 6.7 வேகத்தை எட்டினார். மணிக்கு 7,270 கி.மீ.க்கும் மேல்.

எக்ஸ்-15-க்கு மூக்கின் கீழ் மட்டுமே சக்கரங்கள். பின்புறம் எஃகுச் சறுக்குக் கட்டைகள். காங்கிரீட் ஓடுபாதையில் அப்படி இறங்க முடியாது. நெவாடா மாநிலத்தில் தொடங்கி எட்வர்ட்ஸ் வரை அதன் பாதை நெடுகிலும் இருந்த உலர் ஏரிகளே இடைவழி இறங்குதளங்களாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. இயந்திரம் எரியாமற்போன தருணங்களில் அவை உண்மையிலேயே பயன்பட்டன. நீல் ஆம்ஸ்ட்ராங் இத்திட்டத்தில் ஏழு முறை பறந்தார். அவற்றுள் 1962 ஏப்ரலில் ஒருமுறை, வளிமண்டலத்தில் மீண்டும் நுழையும்போது விமானம் மேல்நோக்கி எழும்பிவிட, தளத்தைத் தாண்டி லாஸ் ஏஞ்சலஸின் பாஸடேனா பக்கம் வரை சென்று திரும்பி, ஏரியின் தென்முனையில் அரும்பாடுபட்டு இறங்கினார்.

சோதனைப் பறத்தல் என்றால் விமானத்தை அதன் எல்லைவரை ஓட்டிப் பார்ப்பதுதானே?

எல்லைவரை போவது உண்மை. ஆனால் போகும் முறைதான் இதில் முக்கியம். ஒரு புதிய விமானத்தின் சிறகு எந்த வேகத்தில் தானாக நடுங்கத் தொடங்கும் என்பதைக் கண்டறியும் சோதனையை எடுத்துக்கொள்வோம். காற்றோட்டமும் சிறகின் நெகிழ்வும் ஒன்றையொன்று தூண்டிவிட்டால், சில நொடிகளில் சிறகே முறியக்கூடும். எனவே குறிப்பிட்ட உயரத்தில் பாதுகாப்பானது என்று தெரிந்த வேகத்தில் விமானி விமானத்தை நிலைநிறுத்துவார். கட்டுப்பாட்டுத் தண்டைச் சட்டென்று ஒரு தட்டுத் தட்டுவார். சிறகு அதிரும்; அந்த அதிர்வு எத்தனை விரைவில் அடங்குகிறது என்பதைச் சிறகில் பதித்த உணரிகள் வானொலி வழியே தரைக்கு அனுப்பும். கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு வளைகோட்டுக்கும் ஒரு பொறியாளர் பொறுப்பாக அமர்ந்திருப்பார். எல்லாரும் சரி என்றபின்தான் அடுத்த வேகத்திற்கு அனுமதி. அந்த அடுத்த வேகமும் சிறு படிதான். அதிர்வு அடங்க முன்னைவிட நேரமாகிறது என்று ஒருவர் கண்டாலும் அன்றைய பறப்பு அத்தோடு நிறுத்தப்படும்.

விமானியின் தொடைமேல் கட்டியிருக்கும் அட்டைகளில் அன்றைய ஒவ்வொரு செயலும் வரிசைப்படி எழுதப்பட்டிருக்கும். அதில் இல்லாத எதையும் அவர் செய்யக்கூடாது. பக்கத்தில் இன்னொரு விமானம் உடன் பறந்து, சோதனை விமானத்தின் அடிப்பகுதியில் ஏதேனும் கசிகிறதா, சக்கரம் முழுதாக இறங்கியதா என்றெல்லாம் பார்த்துச் சொல்லும். திரைப்படங்களில் காட்டப்படும் முரட்டுத் துணிச்சலைவிட, கணக்கனுக்குரிய பொறுமைதான் இந்தத் தொழிலுக்கு அதிகம் வேண்டும்.

திட்டமிடாதது நடக்கவே நடக்காதா என்றால், நடக்கும். 1974 ஜனவரி 20 அன்று ஒய்எஃப்-16 விமானம் ஓடுபாதையில் வேகமாக ஓடிப்பார்க்கும் சோதனையில் மட்டுமே இருந்தது. கட்டுப்பாடு அளவுக்கு மீறி உணர்திறன் கொண்டிருந்ததால் விமானம் இடமும் வலமுமாக உருளத் தொடங்கி, வால்தகடு தரையில் உரசியது. ஓடுபாதையிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்த அந்த நொடியில் விமானி ஃபில் ஓஸ்ட்ரிக்கர், தரையில் நிறுத்த முயல்வதைவிட மேலெழும்புவதே பாதுகாப்பு என்று முடிவெடுத்தார். ஆறு நிமிடங்கள் பறந்து ஒழுங்காக இறங்கினார். உலகெங்கும் பறக்கும் எஃப்-16-இன் முதல் பறப்பு இப்படித் தற்செயலாக நிகழ்ந்தது. அதிகாரபூர்வமான முதல் பறப்பு பிப்ரவரி 2 அன்றுதான் நடந்தது.

இங்கே எத்தகைய விபத்துகள் நடந்திருக்கின்றன?

தளத்துச் சாலைகள் பலவற்றின் பெயர்களே அதற்கு விடை: ஃபோர்ப்ஸ், லில்லி, பாப்ஸன் எல்லாம் இங்கே உயிரிழந்த விமானிகளின் பெயர்கள்.

அறியாமையால் நேர்ந்தவை ஒருவகை. மிக வேகமாகச் செல்லும், சிறகு சிறுத்து உடல் நீண்ட விமானம் உருளத் தொடங்கினால், உருளல் மற்ற அச்சுகளுக்கும் தொற்றி விமானம் தாறுமாறாகச் சுழலும். 1953 டிசம்பர் 12 அன்று எக்ஸ்-1ஏ விமானத்தில் மாக் 2.44 எட்டிய யேகருக்கு இது நேர்ந்தது. ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்தை ஒரு நிமிடத்திற்குள் இழந்து, கடைசியில் மீண்டார். 1956 செப்டம்பர் 27 அன்று எக்ஸ்-2 விமானத்தில் மாக் 3-ஐ முதன்முதலில் கடந்த மெல் ஆப்ட், வேகம் குறையுமுன் திரும்பியபோது அதே சுழலில் சிக்கி இறந்தார். 1967 நவம்பர் 15 அன்று எக்ஸ்-15-இல் மைக்கேல் ஆடம்ஸ் இறந்தார்.

வேண்டாத விபத்து என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது 1966 ஜூன் 8 அன்று நடந்தது. எக்ஸ்பி-70 என்ற மாபெரும் விமானத்தை நடுவில் வைத்து, ஒரே நிறுவனத்தின் இயந்திரங்கள் பொருத்திய விமானங்களை அணிவகுத்துப் படமெடுத்தார்கள். ஜோ வாக்கரின் எஃப்-104, பெரிய விமானத்தின் சிறகுமுனைச் சுழற்காற்றில் சிக்கி அதன்மேல் மோதியது. வாக்கரும், எக்ஸ்பி-70-இல் இருந்த கார்ல் கிராஸும் இறந்தனர். இத்தனை பறப்புகளைக் கடந்துவந்த ஒரு விமானி, அறிவியலுக்கு எந்தப் பயனும் இல்லாத ஒரு விளம்பரப் படத்திற்காக உயிரிழந்ததை எண்ணினால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

மர்ஃபி விதி இங்கேதான் பிறந்ததா?

ஆம், 1949 வாக்கில். வேகம் திடீரெனக் குறைவதை மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று அறிய, மருத்துவரான ஜான் ஸ்டாப் தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தம்மையே கட்டிக்கொண்டு சோதித்தார். ஒரு சோதனையில் விசையை அளக்கும் உணரிகள் எல்லாம் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்ததால் அளவீடு எதுவும் பதிவாகவில்லை. அவற்றைக் கொண்டுவந்த பொறியாளர் கேப்டன் எட்வர்டு மர்ஃபியின் சலிப்புச் சொல்லிலிருந்து, தவறாகச் செய்ய வழியிருந்தால் யாராவது அப்படிச் செய்தே தீருவார் என்ற கருத்து குழுவினரிடையே பரவியது. ஸ்டாப் அதைச் செய்தியாளர்களிடம் சொல்ல, உலகம் எடுத்துக்கொண்டது. நாம் அதை நகைச்சுவையாகச் சொல்கிறோம்; அவர்களுக்கு அது வடிவமைப்பு விதி. தவறாக இணைக்கவே முடியாதபடி இணைப்பானைச் செய் என்பதே அதன் பொருள்.

விண்ணோடங்களுக்கும் எட்வர்ட்ஸுக்கும் என்ன தொடர்பு?

1977-இல் என்டர்பிரைஸ் விண்ணோடத்தை 747 விமானத்தின் முதுகில் ஏற்றிச் சென்று நடுவானில் விட்டு, அது சறுக்கி இறங்குமா என்று சோதித்தது இங்கேதான். 1981 ஏப்ரல் 14 அன்று ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் முதல் விண்வெளிப் பயணத்தை முடித்துக் கொலம்பியாவை ஏரிப்படுகையில் இறக்கினர். விண்ணோடத்திற்கு இறங்கும்போது இயந்திர ஆற்றல் கிடையாது. ஒருமுறை தவறினால் மறுமுறை இல்லை. ஆகவே தொடக்கப் பயணங்களுக்கு இந்த அகன்ற தரையை நம்பினார்கள். மொத்தம் 133 தரையிறக்கங்களில் 54 இங்கே நடந்தன.

பின்னாளில் ஃபுளோரிடாவுக்கு முன்னுரிமை கொடுக்கப்பட்டது. இங்கே இறங்கினால் 747-இன் முதுகில் ஏற்றித் திருப்பிக் கொண்டுசெல்லப் பெருஞ்செலவும் பல நாள்களும் ஆகும் என்பதே காரணம். ஃபுளோரிடாவில் வானிலை கெட்டால் எட்வர்ட்ஸ். 2007 ஜூன் 22 அன்று அப்படித்தான் அட்லாண்டிஸ் இங்கே வந்தது. ஆறு மாதத்திற்கும் மேலாக விண்வெளி நிலையத்தில் இருந்த சுனிதா வில்லியம்ஸ் பூமிக்குத் திரும்பியது அந்த விண்ணோடத்தில்தான். கடைசித் தரையிறக்கம் 2009 செப்டம்பரில் நடந்தது.

இது விமானப்படைத் தளம் என்றால், நாசா அங்கே என்ன செய்கிறது?

எக்ஸ்-1 காலத்திலிருந்தே நாசாவின் முன்னோடி அமைப்பு 1946-இல் ஒரு சிறு குழுவை இங்கே அனுப்பிவைத்திருந்தது. அது வளர்ந்து டிரைடன் ஆய்வு மையமாகி, 2014 முதல் ஆம்ஸ்ட்ராங் ஆய்வு மையம் என்று அழைக்கப்படுகிறது. பயணிகள் விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரும் இதன் பயனை அனுபவிக்கிறோம். 1972-இல் இங்கே எஃப்-8 விமானம் ஒன்றில் கம்பி, கப்பிகளை எடுத்துவிட்டு, அப்பல்லோ விண்கலத்தின் கணினியைப் பொருத்தி, மின்சமிக்ஞையால் மட்டும் பறக்கவைத்தார்கள். விமானியின் கைக்கும் சிறகுக்கும் நடுவே கணினி அமர்ந்திருக்கும் இன்றைய ஏற்பாட்டுக்கு அது அடிகோலியது. சிறகுமுனையில் மேல்நோக்கி வளைந்திருக்கும் சிறு தகடு எரிபொருளை மிச்சப்படுத்துகிறது என்பதும் இங்கே பறந்து உறுதிசெய்யப்பட்டது.

ஏரியா 51 என்பது இதுதானா?

இல்லை. அது நெவாடா மாநிலத்தில் உள்ள குரூம் ஏரி. 1955-இல் யு-2 உளவு விமானத்தைச் சோதிக்க எட்வர்ட்ஸைவிட மறைவான இடம் தேவைப்பட்டதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் ஓர் உலர் ஏரிதான்.

பறக்காமலே நடக்கும் சோதனைகள் உண்டா?

நிறைய உண்டு. பெனிஃபீல்டு கூடம் என்ற எதிரொலியற்ற மாபெரும் அறை அவற்றுள் வியப்பானது. ஏறத்தாழ 80 மீட்டர் நீளமும் 76 மீட்டர் அகலமும் 21 மீட்டர் உயரமும் உள்ள அந்த அறையின் சுவர்களிலும் கூரையிலும் கூம்புக் கூம்பாக நுரைத்துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். வானொலி அலைகள் பட்டால் அவை விழுங்கிவிடும். போர் விமானத்தைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, சக்கரங்களை மடக்கி, எதிரி ராடார்களின் சமிக்ஞைகளை அதன்மேல் பாய்ச்சி, விமானத்தின் மின்னணுக் கருவிகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பார்கள். வெளியே பறந்து செய்தால் ஒட்டுக்கேட்க ஆள் உண்டு, உள்ளே கிடையாது. 1984-இல் பி-1 விமான விபத்தில் இறந்த விமானியின் பெயரைத்தான் கூடத்திற்கு வைத்திருக்கிறார்கள்.

தளத்தின் கிழக்கே ஒரு பாறை முகட்டில் ராக்கெட் இயந்திரங்களை எரித்துச் சோதிக்கும் மேடைகள் இருக்கின்றன. நிலவுக்கு மனிதரைக் கொண்டுசென்ற சாட்டர்ன் 5-இன் எஃப்-1 இயந்திரங்கள் அங்கே எரிக்கப்பட்டன.

சோதனை விமானி ஆவது எப்படி?

விமானப்படையின் சோதனை விமானிப் பள்ளி 1951-இல் ஓஹாயோவிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. ஏற்கெனவே அனுபவமுள்ள விமானிகளும் பொறியாளர்களும் கடும் போட்டிக்குப் பின் சேர்கிறார்கள். ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு. பாதி நேரம் வானத்தில், பாதி நேரம் கணக்கிலும் அறிக்கையிலும் கழியும். கிளைடர் முதல் போர் விமானம் வரை பலவகை விமானங்களை ஓட்டவைப்பார்கள். ஒன்றைப் பழகிக்கொள்வது நோக்கமன்று, பழகாததை ஓட்டி அதன் குணத்தைத் துல்லியமாக எழுதிக்காட்டுவதே நோக்கம். கடற்படைக்கு மேரிலாந்து மாநிலத்தில் தனிப் பள்ளி உண்டு. சுனிதா வில்லியம்ஸ் அங்கே படித்தவர். இந்திய வம்சாவளியினரான ராஜா சாரியும் அங்கேயே பயின்றார். ஆனால் 2017-இல் விண்வெளி வீரராகத் தேர்வானபோது எட்வர்ட்ஸில் எஃப்-35 சோதனைப் படைப்பிரிவின் தலைவராக இருந்தார்.

சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லையா?

இருக்கிறது. இயந்திரங்களைக் கழுவிய கரைப்பான்களும் எரிபொருளும் பல்லாண்டுகள் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தன. 1990-இல் இத்தளம் நாட்டின் நச்சுக்கழிவுத் தூய்மைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தப் பணி நீண்டுகொண்டே போகிறது. ஒலியை முந்தும் விமானங்களின் வெடியோசை சுற்றியுள்ள ஊர்களுக்குக் கேட்கும். அதற்கெனத் தனி வான்வழிகள் ஒதுக்கப்பட்டிருந்தாலும் சன்னல்கள் அதிர்வது ஊராருக்குப் பழகிப்போன ஒன்று. மறுபுறம், வேலியிட்டுக் காக்கப்படும் இந்தப் பெருநிலம் அழிவின் விளிம்பிலுள்ள பாலைவன ஆமைக்கும் யோசுவா மரங்களுக்கும் புகலிடமாகவும் இருக்கிறது.

இப்போது அங்கே என்ன நடக்கிறது?

2023 நவம்பர் 10 அன்று பி-21 ரெய்டர் குண்டுவீச்சு விமானம் பாம்டேலிலிருந்து முதன்முறை பறந்து இங்கே வந்தது. அதன் சோதனைகள் இங்கேதான் நடக்கின்றன. எக்ஸ்-62 என்ற மாற்றியமைக்கப்பட்ட எஃப்-16-ஐச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஓட்டி, மனிதர் ஓட்டும் இன்னொரு எஃப்-16-உடன் 2023-இல் வான்சண்டை ஒத்திகை நடத்தியது. 2024 மே மாதம் அப்போதைய விமானப்படைச் செயலர் ஃபிராங்க் கெண்டல் அதில் அமர்ந்து பறந்தார். ஒலியை முந்தினாலும் வெடியோசை எழுப்பாமல், மெல்லிய அதிர்வோடு செல்லும்படி வடிவமைக்கப்பட்ட நாசாவின் எக்ஸ்-59 விமானம் 2025 அக்டோபரில் முதன்முறை பறந்து இங்கே இறங்கியது. ஒலியை முந்திக் காட்டிய அதே வானத்தில், அந்தச் சத்தத்தை அடக்க வழிதேடுகிறார்கள்.

பொதுமக்கள் இதைப் பார்க்க முடியுமா?

இயங்கும் இராணுவத் தளம் என்பதால் நினைத்தபோது உள்ளே போக முடியாது. எப்போதாவது நடக்கும் வான்காட்சித் திருவிழாவின்போது வாயில்கள் திறக்கப்படும். 2009-க்குப் பிறகு அது 2022 அக்டோபரில்தான் நடந்தது. அந்தப் பக்கம் செல்பவர்கள் பாம்டேலில் உள்ள பிளாக்பேர்ட் விமானப் பூங்காவில் எஸ்ஆர்-71, யு-2 ஆகிய உளவு விமானங்களை அருகிலிருந்து பார்க்கலாம். லங்காஸ்டர் நகரின் முதன்மைச் சாலையில் சோதனை விமானிகளுக்கான நினைவுக்கற்கள் வரிசையாக நடப்பட்டுள்ளன. கோடையில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், இரண்டையும் காலையிலேயே பார்த்து முடிப்பது நல்லது.